சுதாவின் லாகின்

கழக்கூட்டத்திலிருந்து கரமனைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு இரண்டு பெண்கள்.

"வேலையை விட்டுட்டுப் போன சுதா இன்னிக்கும் ஒன்பது மணிக்கு லாகின் ஆயிட்டா," என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"என்னடி சொல்றே?"

"நான்தான் அது. எங்க செக்ஷன் சாஃப்ட்வேருக்கு அஞ்சு பேர் பேர்லதான் லைசென்ஸ் இருக்கு. பேரை மாத்தணும்னா வித்தவாளுக்கு எழுதணுமாம். அதுக்கு யாருக்கும் நேரமில்லை. அதனால ஆபீஸ்ல அவ பாஸ்வேர்டையே என் கையில தந்துட்டா."

"அப்போ நீ செய்யற வேலையெல்லாம்?"

"ஆறு மாசமா சுதா செஞ்சதாத்தான் இருக்கு."

"பின்னே என்ன, வேலை நடக்கறதே."



"நேத்திக்கு ஒரு ஃபைல் அழிஞ்சு போச்சு. சுதா அழிச்சதாத்தான் கம்ப்யூட்டர் காட்டித்து. மானேஜர் மட்டும் நேரே என் மேஜைக்கு வந்தார்."