பென்சிலில் ஏழு பேர்

— ஓட்டெடுப்புக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருக்குங்க ஐயா. நீங்க வியாபாரத்த முடிச்சுட்டு வாங்க, நான் இப்படி ஓரமா நிக்கிறேன்.

— முந்தாநேத்து வந்தப்ப அறுபத்தேழு மணி நேரம்னு சொன்ன. நேத்து நாப்பத்துமூணு. மணிக்கூண்டுக்குக் கையும் காலும் முளைச்சு என் கடை வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கும்மா.

— ஏங்க, பொண்ண உக்கார வெச்சுப் பேசுங்க. கண்ணு, அந்த மிக்ஸிப் பெட்டி வேணாம், ஃபேன் பெட்டி மேல உக்காரு. இவரு ஜெயிச்சு சட்டசபைக்குப் போனதுல இருந்து கடைய நான்தான் பாத்துக்கறேன். எந்தப் பெட்டி ஆளத் தாங்கும்னு எனக்குத்தான் தெரியும்.

— பரவால்லம்மா. நின்னே பழக்கம்.

— அதாவது, நுகர்வோர் சங்கத்துல இந்த வேலைக்கு வேற ஆளே கிடைக்கலையா? நீ நிமிர்ந்து பேசவே கூச்சப்படற. உன்ன அனுப்பி உறுப்பினருங்க மனசுல என்ன இருக்குன்னு பாத்துட்டு வரச் சொல்றாங்க.

— பேசறது செயலாளரோட வேலைங்க. யாரு எந்தப் பக்கம்னு எண்ணறது மட்டும்தான் எனக்கு.

— எங்க, அந்த நோட்டக் குடு. என்னம்மா இது, எங்க கட்சித் தலைவரு பேரு பென்சில்ல இருக்கு? அவரு மேடையிலயே உங்க மசோதாவப் புகழ்ந்தாரே.

— புகழ்ந்தாருங்க. ஓட்டுப் போடறேன்னு சொல்லல. ஆதரிச்சு ஓட்டுப் போடறேன்னு அவங்க வாயால, என் முன்னாடி சொன்னாத்தான் பேனா. பாக்கலாம், நல்ல முயற்சி, நல்லதே நடக்கும், இதெல்லாம் பென்சில். பென்சில் எண்ணிக்கையில வராது.

— தோள்ல தட்டிக் குடுத்தா?

— அது எதிர்ப்புன்னு எழுதிக்குவோங்க.

— கேட்டீங்களா? எனக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த நோட்டு கிடைச்சிருக்கணும். பெண் பாக்க வந்தப்ப இவரு பாக்கலாம்னுதான் சொன்னாரு கண்ணு.

— நீ சும்மா இரு. அங்க ஒருத்தரு பல்பு கேக்கறாரு பாரு. ஏம்மா, மொத்தம் எத்தன?

— தொண்ணூத்தொரு பேருல நாப்பத்தாறு வேணும். பேனாவுல நாப்பத்தஞ்சு. எதிர்ப்பு முப்பத்தொம்பது. பென்சில்ல ஏழு பேரு. அதுல ஆறு பேரு ஃபோன் எடுக்கல. மிச்சம் நீங்கதாங்க.

— நான் எதிர்க்கல.

— ஆதரிக்கவும் இல்லைங்க.

— அதாவது, பொருள்ல குறை இருந்தா கம்பெனிக்காரன் வெளிய சொல்லணும், வித்தத எல்லாம் திரும்ப வாங்கிக்கணும். அது நியாயம்தான். சோதனை பண்ணின தாள முழுசா எல்லாரும் பாக்கற மாதிரி வெக்கணும். அதுவும் சரி. ஆனா நீங்க என்ன சொல்றீங்க? கம்பெனி குறைன்னு தெரிஞ்சே விக்குதுங்கறீங்க. நான் இத்தன வருஷமா விக்கறேன். அவன் தெரிஞ்சே குடுத்தான்னா, அத வாங்கி ஜனங்க கையில குடுத்த நான் யாரு?

— உங்களுக்குத் தெரியாதுங்களே.

— அப்படித் தெரிஞ்சே வித்தத ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், என் முன்னாடி நின்னு சொல்லட்டும். பேனாவ எடுத்துக்க.

— சொல்ல முடியாதுங்க ஐயா. கம்பெனியில வேலைய விட்டு நிக்கறப்ப எழுதி வாங்கிக்குவாங்க. வெளிய சொன்னா கோர்ட்டுக்கு இழுப்போம்னு. அதுக்குத்தான் மசோதாவுல ஒன்பதாவது பிரிவு. சொல்றவங்களுக்குப் பாதுகாப்பு.

— சட்டம் வந்தப்புறம் சொல்றவங்களுக்கு.

— ஆமாங்க.

— இன்னைக்குச் சொன்னா?

— கிடையாதுங்க.

— எழுதி வாங்கறதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

— கேள்விப்பட்டது.

— அப்ப அது பென்சில்.

— ஏங்க, பொண்ணக் கிண்டல் பண்ணாதீங்க. அந்தத் தையல்காரம்மா விஷயத்தச் சொல்லுங்க.

— இப்ப எதுக்கு அது?

— நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன். பின்னால சந்துல ஒரு தையல்காரம்மா இருக்கு கண்ணு. நம்மகிட்ட கரண்ட் கெட்டில் வாங்கிட்டுப் போச்சு. வெள்ளை, நீல மூடி. ஒரு நாள் சாய்ச்சு ஊத்தறப்ப மூடி தெறிச்சு, கொதிக்கற தண்ணி மொத்தமும் வலது கையில. இப்ப ரெண்டு விரல் மடங்கறதில்ல. கத்தரி பிடிக்க முடியல.

— போதும்.

— ஊர்ல பாதிப் பேரு உடுத்தினது அது தெச்சதுதான். இப்ப இடது கையால பட்டன் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

— போதும்னு சொல்றேன்ல. நானே சொல்றேன். அந்தக் கெட்டில எடுத்துட்டு வந்து இதே மேசையிலதாம்மா வெச்சுது, கையில கட்டோட. நான் மூடியப் பத்து தடவை திறந்து மூடிக் காட்டினேன். கிண்ணுன்னு நின்னுது. நீ சரியா மூடியிருக்க மாட்டம்மான்னு சொன்னேன். அதாவது, கடையில நாலு பேரு இருந்தாங்க. அவங்க முன்னாடி சொன்னேன். கெட்டில எடுத்துட்டுப் போயிடுச்சு.

— அன்னையிலருந்து இவரு அந்தச் சந்துல கால் வெக்கறதில்ல கண்ணு. ஓட்டுக் கேக்கப் போனப்பகூட அந்த ஒரு சந்த விட்டுட்டாரு.

— எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். தப்பு அந்தம்மா மேலயா, பொருள் மேலயா? கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். சோதனைத் தாள அனுப்பி வெச்சான். இந்தா, கல்லாவுலயே வெச்சிருக்கேன். நானூறு தடவை கொதிக்க வெச்சு, திறந்து மூடிப் பாத்ததாம். குறை இல்லையாம். கீழ கையெழுத்துகூட இருக்கு. கோழி கிறுக்கின மாதிரி, பேரு புரியல.

— ஐயா.

— என்னம்மா?

— நீங்க அன்னைக்குத் தண்ணி கொதிக்க வெச்சுப் பாத்தீங்களா? இல்ல, வெறும் கெட்டிலா?

— வெறும் கெட்டில்தான். ஏன்?

— ஆறினா இறுகிக்குங்க. சூட்டுலதான் அந்தக் கொக்கி தளரும்.

— எந்தக் கொக்கி?

— மூடிக்கு உள்பக்கம். வெளிய பாத்தாத் தெரியாது.

— உனக்கு எப்படித் தெரியுது?

— ஏங்க, அதட்டாதீங்க. இந்தா கண்ணு, ஒரு வாய் தண்ணி குடி.

— அந்தத் தாள்ல பொய்யி எதுவும் இல்லைங்க ஐயா. நானூறு வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

— அதுக்கு மேல?

— முதல்ல உங்க பேர எழுதிக்கவா?

— நீ சொன்ன விதிதாம்மா. வாயால, என் முன்னாடி.

— வேணாம் கண்ணு. எனக்கு என்னமோ புரியற மாதிரி இருக்கு. இப்ப ஒண்ணும் சொல்லாத. நாளைக்கு ஓட்டெடுப்பு முடியட்டும், சட்டம் வரட்டும், அப்புறம் தைரியமாச் சொல்லு. பத்தொன்பது மணி நேரம்தானே.

— அதுக்கு நாப்பத்தாறு வேணுமேம்மா.

— அதாவது, நான் உன்னக் கட்டாயப்படுத்தல. நீ இப்படியே எந்திரிச்சுப் போனாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

— அந்தத் தையல்காரம்மா வீடு சந்துல எத்தனாவதுங்க?

— மூணாவது. வாசல்ல நீல கேட். எதுக்கு?

— இங்க சொல்லிட்டு, அங்கயும் போய்ச் சொல்லணும்.

— நானும் வரேன். சொல்லு.

— ஆயிரம் தடவை செய்யணும்ங்கறது விதி. நானூத்திப் பன்னெண்டாவது தடவை மூடி தெறிச்சுது. நானூறோட நிறுத்தி எழுதுன்னு மேலாளர் சொன்னாரு. எழுதினேன். அந்தக் கோழிக் கிறுக்கல் என்னோடதுங்க ஐயா. எண்ணினது நான்தான்.