ஜெர்வினின் மூன்றாம் நாள் இரத்தம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர்க்கமிட்டித் தலைவர் தொம்மை அண்ணாச்சி அவர்களே! அலையோடு மல்லாடி அடுப்பில் உலையேற்றும் பெரியோர்களே! கடலைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன தாய்மார்களே! முன்வரிசையில் மகளோடு அமர்ந்திருக்கும் என் சகோதரி லூசி அவர்களே! பாளையங்கோட்டையிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் ஹெப்சிபாவின் கனத்த நெஞ்சத்து வணக்கம்.

ஒரு மரணத்துக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற ஐப்பசியில், இந்தக் கரையில் படகு எஞ்சின் பழுதுபார்த்த ஜெர்வின், லூசியின் கணவர், டெங்குக் காய்ச்சலோடு எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். காய்ச்சலின் மூன்றாம் நாள், ஆராய்ச்சிக்கென்று கொஞ்சம் இரத்தம் கேட்டேன்.

"எடுத்துக்கிடுங்க டாக்டரம்மா. ஆனா பாதி டீசலாத்தான் இருக்கும்" என்றார். வார்டே சிரித்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அவருடைய படுக்கைக்கு வேறொரு நோயாளி காத்திருந்தார். 'வீட்டுக்குப் போகலாம்' என்று சொன்னது யார்? நான்! கையெழுத்திட்டது யார்? நான்!

மறுநாள் காலை இதே கரையில் ஜெர்வின் தள்ளாடினார். நாக்குக் குழறியது. பார்த்தவர்கள், குடித்திருக்கிறான் என்று விலகிப் போனார்கள். லூசிக்குச் செய்தி எட்டி, ஓடி வந்து, வண்டி பிடித்து, எங்கள் மருத்துவமனைக்கு வரும் வழியில் நாங்குநேரி தாண்டுமுன் உயிர் அடங்கிவிட்டது.

காய்ச்சல் விட்டவர் எப்படிச் செத்தார்? நம் உடம்பின் காவல் அணுக்கள், கிருமி நுழைந்ததும் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும். அந்தச் செய்திகளைச் சுமப்பவை சைட்டோகைன் என்னும் சின்னஞ்சிறு புரதங்கள். அளவோடு வந்தால் அவை காவல். அளவு கடந்தால் அவையே காலன்! இரத்தக் குழாய்களின் சுவர் தளர்கிறது. இரத்தத்தின் நீர் கசிகிறது. அழுத்தம் விழுகிறது. கால் தள்ளாடுகிறது, ஐயா! நாக்குக் குழறுகிறது, அம்மா! நீங்கள் பார்த்தது போதையையா? சாவை!

பின்வரிசையில் சிலர் தலை குனிகிறீர்கள். வேண்டாம். முதலில் குனிய வேண்டிய தலை என்னுடையது.

அங்கே ஓர் அண்ணாச்சி கேட்கிறார்: "அப்பம் நீங்கதான அவன சாவ விட்டீய?" கேளுங்கள் அண்ணாச்சி, கேட்கத்தான் வேண்டும். நான் காய்ச்சலைப் பார்த்தேன், கசிவைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து பதினொரு நாள் கழித்து, அந்த மூன்றாம் நாள் இரத்தத்தின் சோதனை முடிவு வந்தது. செய்திப் புரதங்கள் அன்றைக்கே மலைபோல் ஏறியிருந்தன. லூசியை அழைத்துக் காட்டினேன்.

"இந்தத் தாளு அன்னைக்கே வந்திருந்தா?"

"வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டேன். பிழைத்திருப்பாரா என்று சொல்லத் தெரியவில்லை, லூசி."

நெடுநேரம் அழுதார். பிறகு சொன்னார்: "அவரு குடிச்சுச் செத்தாருன்னு ஊரே பேசுது. எம்மவ ஆன்லினைப் பள்ளிக்கூடத்துல குடிகாரன் மவளேன்னு கூப்பிடுதாவ. இந்தத் தாள்ல உள்ளத எங்க ஊர்ல வந்து எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவீயளா?"

அதனால்தான் வந்தேன்.

இந்தப் புரதங்களின் சீற்றத்தை அடக்கும் மருந்து டெங்குவுக்கு இன்னும் இல்லை. யாருக்கு அது வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனையும் இல்லை. தேடுகிறோம், தேடிக்கொண்டே இழக்கிறோம். ஆகவே கேட்கிறேன்: காய்ச்சல் விட்ட பின்னும் இரண்டு நாள் கண் வையுங்கள். வயிறு வலித்தால் வாருங்கள்; வாந்தி நிற்காவிட்டால் வாருங்கள்; தள்ளாடினால், குடித்தவனாகவே இருந்தாலும், தூக்கிக்கொண்டு வாருங்கள்!

ஆன்லின், எழுந்து நில் அம்மா. உன் ஊர் முழுக்கக் கேட்கச் சொல்கிறேன். உன் அப்பாவின் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்தவள் நான். அவர் குடித்துச் சாகவில்லை. நோயால் செத்தார், அதை நான் காணத் தவறியதால் செத்தார்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. லூசிக்கும் ஆன்லினுக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.