கூரைக்குக் கீழே ஒரு கதிரை

இக்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எமது நிர்வாக சபைத் தலைவர் சிவகுருநாதன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, அமரர் யோகலிங்கம் அவர்களின் துணைவியார் புஷ்பவதி அம்மா அவர்களே, அமரரிடம் தச்சு வேலையும் கட்டட வேலையும் பயின்றவர்களே, பயின்றுகொண்டிருப்பவர்களே, வணக்கம்.

மேடை இன்று நிறைந்திருக்கிறது. அவர் உயிரோடு இருந்தபோது உப்புவெளியில் எங்கள் பயிற்சிக்கூடம் எங்கே இருக்கிறதென்று தெரியாதிருந்தவர்களுக்கெல்லாம் இன்று வழி தெரிந்திருக்கிறது. அதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது!

நான் அங்கே வரைபடம் படிப்பிக்கிறவன். அவரோடு நெடுங்காலம் வேலை செய்தவன். அதில் பாதிக்காலம் சண்டை பிடித்தவன். சண்டைக்குக் காரணம் ஒரு கதிரை. இதோ, அவருடைய படத்தை வைத்து மாலை போட்டிருக்கிறீர்களே, இதே மரக்கதிரைதான்.

இறுதிப் பரீட்சையன்று பயிலுநர்கள் முற்றத்தில் தூண் நட்டு, முழு அளவில் ஒரு கூரை போட வேண்டும். சிலாகைச் சட்டம் அடித்து, ஓடு பரப்பி, அந்த அணி முழுவதும் மேலே ஏறி இருக்க வேண்டும். யோகலிங்கம் இந்தக் கதிரையைக் கொண்டுபோய் நேர்கீழே போட்டு, அதில் இருந்தபடி பாலில்லாத பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார். எந்தப் பாடத்திட்டத்தில் இருக்கிறது இது? பைத்தியக்காரத்தனம் என்று அவருடைய முகத்துக்கு நேரே எத்தனை தடவை சொன்னேன்!

ஒருமுறை, அதோ இரண்டாம் வரிசையில் இருக்கும் றுமானாவின் அணி. எல்லோரும் ஏறிவிட்டார்கள். றுமானா மட்டும் ஏணியடியில் நின்றுவிட்டார்.

"சேர், நீங்க கொஞ்சம் வெளிய வாங்க."

"ஏன் பிள்ளை, நிழல் நல்லாத்தானே இருக்கு."

"பகிடி விடாதீங்க சேர். எனக்குப் பயமா இருக்கு."

"எந்தப் பொருத்து?"

றுமானா கையை மட்டும் நீட்டி மரங்கள் சேரும் மூலைப் பொருத்தைக் காட்டினார்.

"அப்ப ஏறி அதைக் கழட்டித் திருப்பிச் செய். மற்ற ஆக்கள் இறங்குங்கோ. நான் எங்கயும் போகேல்ல. ரீ ஆறமுதல் முடி."

ரீ ஆறிவிட்டது. ஆனால் பொருத்து நின்றது. அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு கூரையும் அவர்மேல் விழவில்லை. மாரடைப்பில்தான் போனார்.

அந்தப் பொருத்தைச் செய்த கை இன்று என்ன செய்கிறது? நிலாவெளியில் விடுதிக்கு மேல் விடுதி எழும்புகிறது. ஒரு ஒப்பந்தக்காரராவது அவரை வேலைக்கு எடுத்தாரா? றுமானா புடவைக்கடையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த கிழமை, இப்போது பயிலும் இந்த அணிக்குப் பரீட்சை. அது வேண்டாமாம். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டு, கூடத்தை விழா மண்டபமாக்குவதென்று சபை தீர்மானித்துவிட்டது. தலைவர் அவர்களே, நேற்றுத் தொலைபேசியில் என்னிடம் என்ன கேட்டீர்கள்?

"மாஸ்டர், இனிக் கீழ ஆர் இருக்கிறது? அந்தக் கதை அவரோட முடிஞ்சுதுதானே?"

அதற்கு இப்போது பதில் சொல்கிறேன்.

கூடத்தைக் காப்போம் என்று இங்கே நான் சூளுரைக்கமாட்டேன். அது பூட்டப்படும், திறப்புக் கொத்து உங்கள் கையில் இருக்கிறது. கட்டட வேலைக்கு ஆட்களை வெளியிலிருந்துதான் கொண்டுவருவார்கள். இந்தப் பிள்ளைகள் சீமெந்து மூட்டை தூக்கத்தான் போகிறார்கள். எனக்கு இதில் ஒரு மயக்கமும் இல்லை.

ஆனால் தாங்கள் போட்ட கூரை நிற்குமா என்று தெரியாமல் அவர்கள் போகக்கூடாது. கீழே ஆளில்லாத கூரைக்கு ஆணியை எப்படியும் அடிக்கலாம், ஐயா!

யோகலிங்கம் அவர்களே, உங்கள் பணி இந்த ஊரில் தொடராது. பரீட்சையன்று, ஒரு நாளைக்கு மட்டும் நான் தொடர்வேன். எனக்குப் பயம்தான். உங்களைப் போல ரீ குடிக்க என்னால் ஏலாது.

புஷ்பவதி அம்மா, கோபிக்காதீர்கள். படத்தை எடுத்து மேசையில் வையுங்கள். இந்தக் கதிரை எனக்கு வேண்டும்.