கை உயர்த்தாத கமக்காரர்

சுன்னாகத்தில் யாழ்ப்பாணம் பஸ் புறப்பட்டபோது, எனக்கு முன் இருக்கையில் மடி நிறையத் தன் தோட்டத்து வெங்காயப் பிடிகளோடு இருந்த கமக்காரர் சொன்னார்:

“என்ரை வெங்காயத்தை அரசாங்கம் வாங்கவே கூடாது.”

பக்கத்தில் இருந்த கூட்டாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். “அதுக்காகவோ நேற்றுக் கமக்காரர் சங்கக் கூட்டத்திலை நீ கை உயர்த்தேல்லை? சந்தையிலை விலை விழுந்து போச்சு. அரசாங்கம் நல்ல விலைக்கு வாங்கவேணும் எண்டு நாங்கள் எல்லாரும் உயர்த்தினனாங்கள். உன்ரை கொட்டிலிலையும் வெங்காயம் குவிஞ்சுதானே கிடக்கு?”

“கிடக்கு. அரசாங்கம் ஆரின்ரை காசிலை வாங்கும்?” என் அருகே கம்பியைப் பிடித்து நின்ற பெண்ணை அவர் கண்ணால் காட்டினார். “உந்தத் தங்கச்சி உடுப்புத் தோய்க்கச் சவுக்காரம் வாங்கேக்கை கட்டிற வரி அது. அவவைக் கேளாமல் அவவின்ரை காசை நான் வாங்கிறதோ?”

“கூட்டம் முழுக்க உன்னை ஏசினது.”

“ஓம், ஏசினவை.”

“நட்டம் வரும் எண்டு தெரிஞ்சும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாய். எனக்கு உந்தத் துணிவு வராது, மச்சான்.”

அந்தப் பெண் குனிந்தார். “அண்ணை, உதிலை ஒரு பிடி என்ன விலை?”

அவர் சொன்னார்.

“கூடிப் போச்சு. குறையுங்கோ, இல்லாட்டி வேண்டாம்.”

கமக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். விலையைக் குறைத்து, நல்ல பிடியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பிறகு கூட்டாளியிடம் திரும்பினார்.

“பாத்தியே? வரியை உப்பிடி வேண்டாம் எண்டு சொல்ல அவவாலை ஏலுமே?”