ஈயம் தைத்த வார்

காப்பிக்கு நன்றி, ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் சூடாக இருக்கிறது. நீங்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்போம். எங்கே போகிறோம் என்று எங்கள் நால்வருக்கும் தெரியாது. படகின் பின்முனையில் எங்களைப் பார்த்தபடி சுக்கான் பிடிக்கும் செலஸ்தினோவுக்குத்தான் தெரியும். அவனுக்கு நேர் எதிரே என் இருக்கை. இரண்டு வருஷமாக நான் பார்த்தது ஏரியையோ மலையையோ அல்ல, அவன் வாயை.

"இழுடா அம்ப்ரோஜோ. உங்க வீட்டுக் கழுதையைக் கூட்டிட்டு வந்திருந்தா இந்நேரம் கரை சேர்ந்திருப்போம்."

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அவன்மேல் கோபம் கிடையாது, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் ஒல்லி. சுக்கான்காரனுக்குக் குறைந்தது இவ்வளவு எடை வேண்டும் என்று போட்டி விதி. குறைகிற எடைக்கு, ஈயத் துண்டுகள் தைத்த தோல் வாரைச் சட்டைக்குள் கட்டிக்கொள்வான். கொக்கி முதுகுப்பக்கம், அவன் கைக்கு எட்டாது. கட்டிவிடுவதும் கழற்றிவிடுவதும் என் வேலை.

ஐரோப்பிய நாடுகள் கூடி நடத்திய முதல் போட்டி. பெல்ஜியக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் எங்கள் ஓர்த்தா ஏரிக்கு வந்திருந்தார்கள். அன்று காலை நான் வாரைக் கட்டும்போது செலஸ்தினோ சொன்னான்:

"இன்னியோட நீ எறங்கிக்கடா. அடுத்த போட்டிக்கு உன் இடத்துல நம்ம பியேத்ரோவோட தம்பி. சங்கத் தலைவர்கிட்ட சொல்லிட்டேன்."

கொக்கியை ஒரு துளை கூடுதலாக இறுக்கி மாட்டினேன்.

ஜெயித்தோம். பெல்ஜியப் படகு என் கண்ணெதிரே சிறிதாகிக்கொண்டே போனது. கரையில் எல்லாரும் செலஸ்தினோவின் பெயரைத்தான் கூவினார்கள்.

ஜெயித்தால் சுக்கான்காரனைத் தூக்கித் தண்ணீரில் போடுவது எங்கள் வழக்கம். அவனுக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஒவ்வொரு முறையும் மரப் படகுத்துறைக்கு அடியில் ஒளிந்திருந்து எங்களைப் பயமுறுத்திவிட்டுத்தான் வெளியே வருவான்.

"டேய், வாரை அவுத்து விடு. இவனுங்க தூக்கப் போறானுங்க."

"இருடா. திரும்ப எடை பார்க்கணும்னு நடுவர் சொன்னார்," என்றேன். நடுவர் அப்படிச் சொல்லவில்லை.

படகில் எனக்குப் பின்னால் உட்காரும் பியேத்ரோ அவன் கால்களைப் பிடித்துக்கொண்டு, "வாரு அவுத்தாச்சா?" என்று கேட்டான்.

"ஆச்சு," என்றேன். தோள்களை நான் பிடித்திருந்தேன். செலஸ்தினோ ஏதோ கத்தினான். வாத்தியக்காரர்களின் சத்தத்தில் அது என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. துறையின் ஆழமான பக்கம், முதுகு தண்ணீரைப் பார்க்கும்படி, வீசினோம்.

குமிழிகள் வந்தன. ஜனங்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பியேத்ரோ பனியனைக் கழற்றிக்கொண்டு குதிக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா, நடிக்கிறான். துறைக்கு அடியில பல்லைக் காட்டிட்டு இருப்பான்."

வாத்தியக்காரர்கள் அந்தப் பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் கையை விட்டேன்.

வாரைக் கழற்ற மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்வதாகச் சொல்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. வேண்டாம், மறக்கவில்லை. போகும் இடத்தைப் பார்க்காமல் போவது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் ஒரு தடவை தெரியட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கோபமெல்லாம் இல்லை.

அடுத்த போட்டி பிரான்சில் என்கிறார்கள். தலைவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், ஐயா. என்னை நீக்கச் சொன்னவன்தான் இப்போது இல்லையே, என் இடம் எனக்குத்தானே?