பாலத்தில் நின்ற சீனாக்காரன்

தேயிலைத் தண்ணீர் எனக்குப் பிடிக்காது, ஐயா. ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்தேன். நெல் ஊறப்போட்ட தண்ணீரில் சர்க்கரை கலந்தது போலிருந்தது. எனக்குப் பிடித்ததெல்லாம் அதை ஊற்றிக் குடிக்கிற பீங்கான்தான். இதை முதலிலேயே சொல்லக் காரணம், தங்கள் போலீஸ் கச்சேரிக் குமாஸ்தா என் பெயருக்குப் பக்கத்தில் ‘கல்லறைத் திருடன்’ என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல் என்னை வருத்துகிறது. போடி கடைத்தெருவில் ஞானசிகாமணி கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. மலைமேல் இருக்கும் காப்பித் தோட்டத்து பங்களாக்களுக்கு மெழுகுவத்தி, பிஸ்கோத்து, காய்ச்சலுக்குக் கொயினாத் தூள் எல்லாம் என் கடையிலிருந்துதான் போகின்றன. என் தராசை இன்றுவரை யாரும் குறை சொன்னதில்லை. வேதக்கோயிலில் காணிக்கைத் தட்டு எடுப்பதும் நான்தான்.

துரைமார் சீமைக்குத் திரும்பினாலோ, செத்துப்போனாலோ அவர்கள் சாமான்கள் ஏலத்துக்கு வரும். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் மற்றவர்கள் முட்டிக்கொள்வார்கள். நான் தேயிலை செட்டைத் தேடிப் போவேன். பார்த்து எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். நகத்தால் விளிம்பைச் சுண்டினால் நல்ல பீங்கான் கணீரென்று பேசும். கீறல் விழுந்தது தொண்டை கட்டியவனைப் போல முனகும். வெயிலில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கத்து விரலின் நிழல் தெரிய வேண்டும். விளிம்பில் பொன்பூச்சு புத்தம் புதிதாக மின்னினால் சந்தேகப்பட வேண்டும். உண்மையிலேயே பழசென்றால் உதடு பட்ட இடம் தேய்ந்திருக்கும். கீறலை அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்து விற்கிற அயோக்கியர்கள் இருக்கிறார்கள். கலப்படம் செய்கிறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது.

என் மனைவி சாராளுக்கு இதெல்லாம் புரியாது. "நீங்களும் ஒரு சொட்டு குடிக்க மாட்டீக. வர்றவுகளுக்கும் ஊத்திக் குடுக்க விட மாட்டீக. பெறகு யாருக்கு இம்புட்டுக் கிண்ணமும்?" என்பாள். குடிக்கிறவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் வாங்குகிறேன் என்று அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருந்த வில்மட் துரையிடம் ஒரு செட்டு இருந்தது. அவருடைய பாட்டனார் காலத்துச் சீனச் சாமான். கிண்ணங்களுக்குக் கைப்பிடி கிடையாது. அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். ஆறு கிண்ணங்களிலும் நீல நிறத்தில் ஒரு பாலம், குடை பிடித்த ஒரு சீனாக்காரன். முதல் கிண்ணத்தில் இக்கரையில் நிற்கிறான். அடுத்தடுத்த கிண்ணங்களில் பாலத்தின் மேல் நடந்து வருகிறான். ஆறாவதில் அக்கரை சேர்ந்து குடையை மடக்கிவிடுகிறான். இப்படி ஒரு செட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தப் பொக்கிஷத்தில் அந்த மனிதர் தினமும் குடித்தார். அதுவும் மலைக்காய்ச்சல்காரர். குளிர் கண்டால் கை வெடவெடவென்று நடுங்கும். கிண்ணம் தட்டில் மோதிக் கடகடக்கும். எதிரே நிற்கிற எனக்கு உயிர் போய் உயிர் வரும். விலைக்குக் கேட்டேன். பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே, "நான் செத்தா நீ எடுத்துக்கோ, ஞானம்" என்றார். அவருடைய சமையற்காரி செபஸ்தியம்மாள் பக்கத்தில்தான் நின்றாள், கேட்டுப் பாருங்கள். பெரிய மனிதரின் வாக்கு. அன்றிலிருந்து அந்த செட்டு என்னுடையது என்றே நினைத்தேன். அவரிடம் அது இரவலாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் என் கடைக் கொயினாவைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழுந்ததும் முதல் வேலை தேயிலைத் தண்ணீர். என் மருந்தே எனக்கு எதிராக வேலை செய்தது. பங்குனி மாதம் போயிருந்தபோது ஒரு கிண்ணத்தின் விளிம்பில் அவர் பல் பட்டு மயிரிழைக் கீறல் விழுந்திருந்தது. அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த காய்ச்சலுக்கு அவர் மருந்து வாங்க ஆள் அனுப்பியபோது துரைக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். மற்ற வாடிக்கையாளர்களுக்கு வழக்கமான ஜாடியிலிருந்துதான் கொடுத்தேன். அதில் கவனமாக இருந்தேன்.

அந்தக் காய்ச்சலிலிருந்து துரை எழவில்லை. தோட்டத்து ஓரத்திலேயே புதைத்தார்கள். நானும் போய் ஞானப்பாட்டுப் பாடினேன், கண்ணீர்கூட வந்தது. ஏலத்தில் கைப்பிடியில்லாத கிண்ணங்களைப் பார்த்து, உடைசல் என்று எல்லோரும் ஒதுங்கிவிட்டார்கள். செட்டு முழுவதும் எனக்கே விழுந்தது. வாக்குக் கொடுக்கப்பட்ட பொருளையே காசு கொடுத்து எடுத்தவன் நான். என்னைத் திருடன் என்கிறீர்கள். ஆனால் அடுக்கிப் பார்த்தபோது ஐந்து கிண்ணங்கள்தான் இருந்தன. செபஸ்தியம்மாளைக் கேட்டேன்.

"அதுலதான முதலாளி கடைசியா மருந்து கலக்கிக் குடுத்தேன்" என்றாள். "சாகப்போறவுக வாயில வச்ச ஏனத்த வீட்டுல வைக்கலாமா? எங்க பக்கம் அவுக கூடவே அனுப்பிருவோம். துணியில சுத்தித் தொரை கையிலயே குடுத்துட்டேன்."

அனுமந்தன்பட்டியில் பரம்பரையாக வேதத்தில் இருக்கிற குடும்பம் அவளுடையது. ஞானஸ்நானம் பெற்ற வாயால் பீங்கானுக்குத் தீட்டுப் பார்க்கிறாள். இந்த மூடத்தனத்துக்கு நான் என்ன செய்ய?

போனது ஆறாவது கிண்ணம். இப்போது சீனாக்காரன் பாலத்தின் மேலேயே நிற்கிறான். அவனுக்கு அக்கரை இல்லை. படுத்தால் அவன் நினைப்புதான். குடையும் கையுமாக ஒரு மனிதன் எவ்வளவு காலம்தான் நிற்பான்? நான் கொஞ்சம் இளகிய மனசுக்காரன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குத் தோட்டமே கிளம்பிப் போய்விட்டது. பட்டப்பகலில் மண்வெட்டியோடு போனேன். ஒளிந்து செய்கிற காரியமாக நான் அதை நினைக்கவில்லை. துரை கிண்ணத்தை இறுகப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான், எதையும் எளிதில் கொடுக்க மாட்டார். மண்ணைத் தள்ளி மூடி, சிலுவையை நேராக நட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆறையும் வரிசையாகக் கடையின் கண்ணாடி அலமாரியில் வைத்தேன். வீட்டில் வைத்திருக்கலாம், ஆசை விடவில்லை. செபஸ்தியம்மாள் மெழுகுவத்தி வாங்க வந்தாள், துரையின் கல்லறையில் ஏற்றுவதற்காம். காசைக் கொடுத்துவிட்டு அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏலத்துல அஞ்சுதான எடுத்தீக, முதலாளி. தொரை கையில நான் குடுத்தது இங்கன எப்படி வந்துச்சு?"

மெழுகுவத்தியை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டாள். நேரே இங்கேதான் வந்திருக்கிறாள் போலிருக்கிறது. அந்தக் காசு என்னிடம் இருக்கிறது, அதைத் தாங்களே அவளிடம் சேர்ப்பித்துவிடுங்கள். பொருள் கொடுக்காமல் காசு வாங்கிப் பழக்கமில்லை எனக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது விஷம் வைத்தான் என்று கதை கட்டுவார்கள். ஆறாவது கிண்ணத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நானேதான் கழுவித் துடைத்தேன். அது விஷமில்லை. அந்தப் பொட்டலத்தில் கசப்புக்காகக் கொஞ்சம் கொயினா போட்டிருந்தேன். மீதியெல்லாம் சாராள் இடித்துச் சலித்து வைத்திருந்த பச்சரிசி மாவு, முதல் தரம். துரையைக் கொன்றது மலைக்காய்ச்சல். குமாஸ்தா ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்? எழுதச் சொல்லுங்கள், ஐயா. பச்சைப் பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுகிற மாவு அது. அரிசி மாவு தின்று யாராவது செத்ததுண்டா?