நூறு பொத்தான்

நீங்களே சொல்லுங்கக்கா, ஒரு டெய்லருக்குப் பொத்தான் எண்ணத் தெரியாதா? இருபது வருஷமா இதே கையால பொத்தான் தைக்கிறேன். என் பொண்ணோட டீச்சர் என்கிட்டயே, "நூறு இல்ல சார், தொண்ணூறுதான் இருக்கு"ன்னா? உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? அந்த ஸ்டூல்ல இருக்கிற துணியைக் கீழ தள்ளுங்க. உங்க திரைச்சீலைதான், கையில எடுத்துட்டேன், இதோ ஓரம் அடிச்சுக்கிட்டே சொல்றேன்...

நேத்து பள்ளிக்கூடம் திறந்து நூறாவது நாளாம். அதுக்கு ஒரு கொண்டாட்டம், கணக்கு நாளாம்! நாம படிச்சப்ப கணக்குன்னா காதைத் திருகுவாங்க, இப்ப கிரீடம் வைக்கிறாங்க. ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்க ஆளுக்கு நூறு சாமான் கொண்டுபோகணும், எண்ணிக் காட்டணும், உடனே தலையில நூறுன்னு எழுதின அட்டைக் கிரீடம். ஒரு பய நூறு எறும்பு கொண்டாந்தானாம்க்கா! எண்ணி முடிக்கிறதுக்குள்ள பாதி டீச்சர் மேசை மேல ஏறிடுச்சாம். அவனுக்குக்கூட கிரீடம் உண்டு. என் பொண்ணு மட்டும் தொண்ணூறுன்னு எழுதின கிரீடத்தோட வந்து நிக்கிறா. எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

"பத்து பொத்தான் கொண்டா, கிரீடத்தை மாத்தித் தர்றேன்"னாங்களாம். பத்து என்ன, டப்பா டப்பாவா கிடக்கு! ஆனா குடுத்தா தப்பு நம்மளோடதுன்னு ஆயிடும்ல? விடுவேனா? காலையில நேரா கிளாஸுக்கே போயிட்டேன். "எண்ணத் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?"ன்னு பிள்ளைங்க முன்னாடியே கேட்டுட்டேன். அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கலங்கட்டும்! நாலு மணிக்கு ஹெட்மாஸ்டர் ரூம்ல வெச்சு மறுபடியும் எண்ணணும்னு எழுதிக் குடுத்திருக்கேன். நூறு இருந்தா அவங்க என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். குறைஞ்சா நான் கேக்கிறேன். எப்படிக் குறையும்?

இதுல இவ வேற! "வழியில பை கிழிஞ்சு பத்து கொட்டிப்போச்சு டீச்சர்"னு சொல்லியிருக்கா. நான் ரெட்டைத் தையல் போட்ட பை அக்கா அது! பாத்தேன், டீச்சர் பிரிச்ச வாயைத் தவிர ஒரு நூல் அசையல. ஏண்டி பொய் சொன்னேன்னு கேட்டா வாயே திறக்கல. பொய்க்காரி, பொய்க்காரின்னு நல்லா திட்டிட்டேன்.

என்னது? நானா எண்ணினேனா? நான் எங்கக்கா... மெஷின்ல இருந்தேன். அவதான் இங்க தரையில உக்காந்து பத்துப் பத்தா குமிச்சு எண்ணினா. ஆனா என் கண்ணு முன்னாடிதானே எண்ணினா! "நூறு ஆச்சுப்பா"ன்னு கத்தினா, நான் எல்லாத்தையும் பையில அள்ளிப் போட்டு மெஷின்லயே வாயைத் தைச்சுட்டேன். அப்புறமும் அப்பா, அப்பான்னு சட்டையைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தா. வேலை நேரத்துல என்ன தொணதொணப்பு, போய்ச் சாப்பிடுடின்னு விரட்டிட்டேன்.

அதை விடுங்க. திரை நீளம் எவ்வளவு வேணும்? சத்தமா... நூறு இன்ச்சா? நல்லதாப் போச்சு, துணியே நூறுதான், கீழ மடிப்பே வேணாம், அப்படியே விட்டுடறேன். ஏன்க்கா கையை ஆட்டுறீங்க? இருங்க, மெஷினை நிறுத்தறேன்.

தொண்ணூறா?

எனக்கு நூறுன்னுதானே காதுல விழுந்துச்சு... அந்தத் 'தொண்' எங்கக்கா போச்சு? இந்தச் சத்தத்துல...

அக்கா.

அப்ப அவ... "தொண்ணூறு ஆச்சுப்பா, இன்னும் பத்து குடு"ன்னு கேட்டிருக்கா. அதுக்குத்தான் சட்டையைப் புடிச்சு இழுத்திருக்கா. நான் பை வாயையும் தைச்சு, அவ வாயையும் தைச்சு அனுப்பிட்டேன். எங்கப்பா எண்ணாம தைச்சுட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். என்னைக் காட்டிக் குடுக்காம, வழியில கொட்டிப்போச்சுன்னு... அந்தப் பிள்ளையை நான் பொய்க்காரின்னு சொல்லியிருக்கேன்க்கா.

மணி என்ன? மூணே முக்காலா? ஐயையோ! சாட்சிக்கு இருக்கட்டும்னு மத்த பிள்ளைங்களைப் பெத்தவங்களையெல்லாம் நான்தானே வரச் சொல்லியிருக்கேன்! எறும்புக்காரன் அப்பாகூட லீவு போட்டுட்டு வர்றாரு.

திரையை நாளைக்கு வாங்கிக்கிறீங்களாக்கா? டீச்சர்கிட்ட மன்னிப்பு கேட்டுடுவேன், கால்ல வேணும்னாலும் விழறேன். வாசல்லயே நிப்பாளே என் பொண்ணு, அவகிட்ட நான் என்னன்னு கேக்கிறது?